கத்தரிக்கோலுக்கு முன்னால்

சினிமாவின் நுட்பங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களும், படம் முடிந்து வெளியே வந்ததும் கொட்டகை வாசலில் நின்று விவாதிக்கிறவர்களும், எடிட்டிங்கைப் பற்றிக் குறிப்பிட நேரும்போதெல்லாம் வெட்டுவதையும் ஒட்டுவதையும் பற்றியே பேசுகிறார்களேயன்றி, அவ்விரண்டுக்கும் முன்னால் ஒருவர் இருட்டறையில் உட்கார்ந்து, எடுத்து வந்த படம் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துத் தீர்க்கவேண்டியிருக்கிறது என்பதை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. பார்ப்பதுதானே, அதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று தோன்றுவது இயற்கையே. ஆனால் என் அபிப்பிராயத்தில், ஒரு படத்தின் குணதோஷங்களில் பெரும்பகுதி அந்த அறையிலேயே, ஒரு வெட்டுக்கூட விழுவதற்கு முன்பே நிர்ணயமாகிவிடுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற தீர்ப்பு அங்கேதான் எழுதப்படுகிறது. அதற்குப் பின் நடப்பவை பெரும்பாலும் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் காரியங்களே.

பிலிமில் படம் எடுத்த காலத்தில், ஒருநாள் படப்பிடிப்பு முடிந்ததும் அன்றைய நெகட்டிவ் லேபுக்குப் போகும். அங்கே இரவோடிரவாக அதைக் கழுவி, அவசரமாக ஒரு பிரதி போட்டுக் கொடுத்தால், டைரக்டரும் காமிராமேனும் எடிட்டரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். இதற்கு ரஷ் பார்ப்பது என்று பெயர். எடுத்த எல்லா டேக்குகளையும் பிரதி போடுவதில்லை. கச்சா பிலிமின் விலையும் லேப் செலவும் சாமானியமானவை அல்ல. ஆகையால் தளத்திலேயே டைரக்டர் வாயிலிருந்து விழுந்த ஓகே, என்.ஜி. என்ற தீர்ப்புகளை உதவியாளர் ஒரு தாளில் குறித்து அனுப்ப, ஓகே ஆனவை மாத்திரம் பிரதியாகும், என்.ஜி. ஆனவை டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். இரண்டாம் உலகப் போரின்போது பிலிம் தட்டுப்பாடு காரணமாக, முழுநீளப் படமே 11,000 அடிக்கு மேற்படக் கூடாதென்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த தேசம் இது. அப்படிப்பட்ட சிக்கனத்தில் தெரிவு என்பதில் பாதி, காமிரா ஓடுவதற்கு முன்பே, எடுப்பவனுடைய மனத்திலேயே நடந்து முடிந்துவிடும். இன்றோ ஒரு மெமரி கார்டு நிறைந்தால் அடுத்ததைச் செருகிக்கொள்ளலாம். காமிராவை நிறுத்தச் சொல்லவும் யாருமில்லை. எடுப்பதில் தளர்ந்துபோன விவேகத்தையெல்லாம் பார்ப்பதில் ஈடுகட்டியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இதனால் எடிட்டர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

கணக்கு எளிதானது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஆகவே ஒரு நிமிஷத்துக்கு 90 அடி, ஆயிரம் அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிஷம். எடுத்த அடிகளுக்கும் திரையில் நின்ற அடிகளுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு, பார்க்கிறவரின் சுமை எவ்வளவு என்று அறிந்துகொள்ளலாம்.

இந்த விகிதத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ் வாசகர்களுக்கு முதலில் நினைவூட்ட வேண்டியவர் ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் பிறந்து, ‘குமரி மலர்’ பத்திரிகையை நடத்தி, பிரயாண இலக்கியத்துக்குத் தமிழில் ஒரு கௌரவத்தை உண்டாக்கித் தந்த அவர், 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளின் ஜன்ம தினமாகிய அன்று, அவரைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்க வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டார். எடுக்க வேண்டும் என்று சொல்வதைவிடத் தேட வேண்டும் என்று சொல்வதே பொருத்தம். ஏனெனில் காந்தியின் வாழ்க்கையில் நடந்து முடிந்துவிட்ட சம்பவங்களை இனி எந்தக் காமிராவும் எடுக்க முடியாது. அவற்றை அவ்வப்போது எடுத்தவர்களின் பிலிம்களோ பல தேசங்களின் செய்திப்படக் கிடங்குகளில், பெயர் தெரியாமலும் கேட்பாரற்றும் கிடந்தன. சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து, முப்பது வருஷ காலத்தில் ஏறத்தாழ நூறு காமிராக்காரர்கள் எடுத்த 50,000 அடிப் படத்தைச் சேகரித்து, அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தெடுத்து, ‘மகாத்மா காந்தி’ என்ற படத்தை 1940-இல் அவர் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

நாலில் ஒரு பங்கு என்றால், விகிதம் ஒன்றும் பிரமாதமில்லையே என்று இன்றைய எடிட்டர் நினைக்கக்கூடும். 50,000 அடி என்பது ஒன்பதே கால் மணி நேரப் படம். தெரிவான 12,000 அடியோ இரண்டே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் அவர் கையில் இருந்தது ஒருவர் ஒரு நோக்கத்தோடு எடுத்த படமல்ல என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு கண் பார்த்தது. ஒருவர் காந்தியை வேடிக்கை மனிதராகப் பார்த்து எடுத்திருப்பார், ஒருவர் செய்தியாகப் பார்த்திருப்பார், இன்னொருவர் தரிசனமாகப் பார்த்திருப்பார். இவற்றோடு யந்திரத்தின் வேறுபாடும் சேர்ந்துகொள்ளும்: மௌனப் பட காலத்தில் நொடிக்கு 16 பிரேம் என்ற அளவில் எடுத்ததை, பேசும் படத்துக்குரிய 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லாரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடப்பார்கள், இயல்பிலேயே விரைந்து நடக்கிற காந்தியோ கிட்டத்தட்ட ஓடுவார். இவ்வளவு பேதங்களுக்கு நடுவே ஒரே மனிதரை இனங்கண்டுகொண்டு போவதற்கு எவ்வளவு சிரத்தை வேண்டும் என்பதை, அன்னியர் எடுத்த பிலிமை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்தவர்களே அறிவார்கள்.

அவருக்குப் பத்துப் பதின்மூன்று வருஷம் முந்தி, ரஷ்யாவில் எஸ்ஃபிர் ஷூப் என்ற அம்மையார் இதே மாதிரியான காரியத்தைச் செய்திருந்தார். பழைய செய்திப்படச் சுருள்களிலிருந்தும், ஜார் சக்கரவர்த்தியின் அரண்மனைக் காமிராக்காரர்கள் எடுத்து வைத்திருந்த குடும்பப் படங்களிலிருந்தும் ‘ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ என்ற படத்தை 1927-இல் அவர் உருவாக்கினார். அதற்காக அவர் பார்த்தது 60,000 மீட்டர் பிலிம். கப்பலின் மேல்தளத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் நாட்டியமாடிக் களைத்துப்போகிற ஒரு துண்டு அதில் இருந்தது. அரண்மனைக்காக எடுத்தவன் அதைச் சந்தோஷமான ஞாபகார்த்தமாகவே எடுத்திருக்க வேண்டும். ஷூப் அதைப் பார்க்கும்போது அவர் கண்ணில் பட்டது வியர்வை. வெயிலில் உடலுழைப்பால் வியர்த்துக் கொட்டும் குடியானவர்களின் படத்தை அதை அடுத்து வைத்துவிட்டார். ஜார் மகிழ்ந்து பார்த்த படமே ஜாருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இங்கே சாமர்த்தியம் ஒட்டியதில் இருக்கிறது என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். நான் அப்படி நினைக்கவில்லை. ஒட்டுவதை எவரும் செய்யலாம். ஆயிரக்கணக்கான மீட்டர்களுக்கு நடுவே அந்த வியர்வையைக் கண்டு மனத்தில் வைத்துக்கொண்டதுதான் அரிது.

நிற்க. சுமை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு, சினிமாக்காரர்கள் இன்றும் திகைப்போடு சொல்லும் உதாரணம், பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா பிலிப்பைன்ஸ் காடுகளில் எடுத்த ‘அபோகலிப்ஸ் நவ்’. 1979-இல் வெளிவந்த அந்தப் படத்தின் நீளம் 2 மணி 25 நிமிஷம். அதற்காக எடுத்த படமோ பன்னிரண்டரை லட்சம் அடி. 230 மணி நேரத்துக்கு மேற்பட்டது. திரையில் நின்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பின்னால், நிற்காமல் போன 95 நிமிஷங்கள் இருந்தன என்று அதன் எடிட்டர்களில் ஒருவரான வால்ட்டர் மர்ச் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அந்நாட்டுப் படங்களுக்குச் சராசரி இருபதுக்கு ஒன்று என்பதும் அவர் தந்த கணக்கே. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் உட்கார்ந்தாலும் அவ்வளவையும் ஒருமுறை பார்த்து முடிக்க ஏறக்குறைய ஒரு மாதமாகும். அப்படியொரு மாதத்தில் ஒரு வெட்டுக்கூட விழுந்திராது என்பதைப் பணம் போட்டவர்கள் எப்படிச் சகித்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.

மர்ச்சினுடைய பழக்கங்கள் இத்தொழிலில் உள்ளவர்களுக்குக் கிட்டத்தட்ட ஓர் ஆசாரமாகவே ஆகிவிட்டன. படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்குக் கூடியவரையில் அவர் போவதில்லை. அங்கே போனால், இந்த ஷாட்டை எடுக்க மழையில் எத்தனை பேர் நனைந்தார்கள், எந்த நடிகருக்கும் எந்த டைரக்டருக்கும் மனஸ்தாபம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, பிரேமுக்குள் இருப்பதை மாத்திரம் பார்க்கிற கண் போய்விடும். மிகுந்த பிரயாசைப்பட்டு எடுத்த ஷாட் என்பதற்காகவே உப்புச்சப்பற்ற ஷாட்டைப் படத்தில் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிற டைரக்டர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. பார்வையாளனுக்கு அந்தப் பிரயாசையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆகவே பார்வையாளனுடைய பிரதிநிதியாக அந்த அறையில் ஒருவராவது இருந்தாக வேண்டும். எடிட்டரைத் தவிர அதற்குத் தகுந்தவர் யார்?

இன்னொரு பழக்கம், ரஷ் ஓடும்போதே இருட்டில் தட்டச்சு செய்வது. முதல்முறை பார்க்கும்போது மனத்தில் எழுகிறதை, அது ஒரு சொல்லோ, சம்பந்தமில்லாத ஒரு ஞாபகமோ, எதுவானாலும் திருத்தாமல் எழுதி வைத்துக்கொள்கிறார். பிறகு அந்தக் காட்சியைத் தொகுக்கப் புகுமுன் மறுபடி பார்த்து, இந்த முறை வேறுவிதமான, நிதானமான, விவரமான குறிப்புகளை எடுக்கிறார். இரண்டு குறிப்புகளும் வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் பார்வையில் ஒருவர் ரசிகர். பத்தாம் பார்வையில் அவர் வைத்தியர். படத்தை நாளை கொட்டகையில் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் முதல் பார்வைக்காரர்கள். எடிட்டருக்கோ அந்த முதல் பார்வை ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். அதைக் காபி குடித்துக்கொண்டும் டெலிபோன் பேசிக்கொண்டும் வீணாக்கிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்தாலும் திரும்ப வராது. ஆறு மாதம் கழித்து, ஒரு காட்சி ஏன் உயிரற்றுக் கிடக்கிறது என்று எல்லாரும் குழம்பி நிற்கும்போது, அன்றைக்கு எழுதிய ஒரு வரியைப் புரட்டிப் பார்ப்பதால் வழி திறந்துவிடுவதுண்டு.

அவர் சொல்கிற இன்னொரு விஷயத்தை இக்காலத்தவர் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். பிலிம் சுருளில் ஏதோ ஒரு ஷாட்டைத் தேட வேண்டுமானால், பத்து நிமிஷச் சுருளை யந்திரத்தில் மாட்டி, முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். அப்படி ஓட்டும்போது, தேடாத ஷாட்டுகளெல்லாம் கண்முன் ஓடும். தேடிப்போனதைவிடச் சிறந்தது ஒன்று வழியில் அகப்படும். கம்ப்யூட்டரில் பெயரைச் சொன்னால் கேட்டது கேட்டபடி வந்து நிற்கிறது. வழி என்ற ஒன்று இல்லாமல் போய்விட்டது. தாமதத்தைப் பெரிய குறையாக நினைத்து ஒழித்தவர்கள், அந்தத் தாமதத்தின் மறைவில் நடந்துகொண்டிருந்த மறுபார்வையையும் சேர்த்தே ஒழித்துவிட்டார்கள்.

பெரிய படங்களின் கதையை விட்டுவிட்டு, நம் வாசகர்களில் எல்லாருக்கும் பரிச்சயமான ஒன்றைப் பார்ப்போம். நடுத்தர ஊர் ஒன்றில், ஒரு ஸ்டுடியோக்காரர் கல்யாணம் ஒன்றை மூன்று காமிராவில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பும் ரிசப்ஷனும், மறுநாள் காலை முகூர்த்தமும், பந்தியும் சேர்த்துப் பதினைந்து இருபது மணி நேரப் படம் கார்டுகளில் வந்து குவிகிறது. வீட்டாருக்குப் போய்ச் சேர வேண்டியது மூன்று மணி நேர வீடியோ ஒன்றும், செல்போனில் அனுப்புவதற்கு நான்கு நிமிஷ ஹைலைட்ஸ் ஒன்றும்.

கடைக்கு வந்ததும் முதற்காரியம் பார்ப்பதல்ல, பிரதி எடுப்பது. கார்டில் உள்ளதை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, இரண்டும் திறக்கின்றனவா என்று சரிபார்த்து, ஒன்றை வேறிடத்தில் வைத்த பிறகே கார்டை அழிக்க வேண்டும் என்பது இத்தொழிலின் பால பாடம். பிறகு மூன்று காமிராவையும் ஒரே காலத்தில் ஓடும்படி பொருத்த வேண்டும். சினிமாவில் இதற்குத்தான் கிளாப் போர்டு அடிக்கிறார்கள். பலகை மூடுகிற பிரேமையும் அந்தச் சத்தத்தையும் சேர்த்து வைத்தால் படமும் ஒலியும் பொருந்திவிடும். கல்யாணத்தில் கிளாப் அடிக்க முடியாது. ஆனால் மங்கள நாணைக் கையில் எடுத்ததும் யாரோ விரலை அசைக்க, நாதஸ்வரம் சட்டென்று தாவ, தவில்காரர் கெட்டிமேளத்தின் முதல் அடியைப் போடுகிறாரே, அந்த அடி மூன்று காமிராவின் ஒலியிலும் செங்குத்தாக ஒரு கோடு போல விழுந்திருக்கும். அனுபவமுள்ள எடிட்டர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மூன்றையும் பொருத்திவிடுகிறார்.

இப்போது அந்த இருபது முப்பது நொடிகளைப் பார்ப்போம். நேரெதிரே நின்ற முதல் காமிராவில், மாப்பிள்ளை குனிகிற சமயத்தில் உறவினர் ஒருவருடைய கை, செல்போனோடு நடுவே புகுந்துவிட்டது, முடிச்சு தெரியவில்லை. பக்கவாட்டில் இருந்த இரண்டாவது காமிராவில் முதல் முடிச்சும் தெளிவாக இருக்கிறது. பின்னாலிருந்து நாத்தனாரின் கை வந்து மற்ற இரண்டையும் போடுவதும் தெளிவாக இருக்கிறது. மூன்றாவது காமிராவை வைத்திருந்த பையன் கூட்ட நெரிசலில் மேடையை விட்டுத் தள்ளப்பட்டு, என்ன எடுப்பதென்று தெரியாமல் எதையோ எடுத்திருக்கிறான். பாதிக்குமேல் அட்சதை பறப்பதும் ஃபோகஸ் அலைவதும்தான். வேகமாக வேலை முடிக்கிறவர், மூன்றாவதைத் திறந்து இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். இரண்டாவதை வைத்தால் காரியம் முடிந்தது. முழுவதையும் பார்த்தவருக்கோ, அந்த மூன்றாவதில், ஃபோகஸ் ஒருகணம் நிலைத்த இடத்தில், பெண்ணின் தகப்பனார் தெரிகிறார்: எல்லாரும் அட்சதையைத் தூவி முடித்த பின்னும், அவர் மட்டும் கையை மூடியபடியே, தூவ மறந்து நிற்கிறார். ஐந்து நொடிகூட இருக்காது. முப்பது வருஷம் கழித்து அந்தக் குடும்பம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் போவது எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை.

அரிசி புடைப்பது போன்ற வேலை இது என்று சிலர் சொல்வதுண்டு. புடைக்கிறவளுக்குப் பதர் எது, மணி எது என்பது முறத்தைக் கையில் எடுக்கும்போதே தெரியும். இங்கே அது தெரியாது. காட்சியின் தேவை மாறினால் நேற்றைய பதர் இன்றைக்கு மணியாகிறது. டைரக்டர் ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்னால், நடிகை தன்னை யாரும் எடுக்கவில்லை என்ற எண்ணத்தில் எங்கோ பார்த்த பார்வை, கட் சொன்ன பின்னும் ஓடிக்கொண்டிருந்த இரண்டு நொடி, வசனம் தடுமாறியதால் என்.ஜி. ஆன டேக்கின் முதல் பாதி, யாரும் பேசாத அறையின் வெறும் சத்தம், இவை எல்லாவற்றையும் எங்கே இருக்கின்றன என்று டைம்கோடுடன் எழுதி வைத்துக்கொள்கிற உதவி எடிட்டர் கிடைப்பது ஒரு பாக்கியம். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதுகிற உதவியாளரால் பிரயோஜனமில்லை. எதற்கு நன்றாக இருக்கிறது என்று எழுத வேண்டும்.

அமெரிக்க டாக்குமெண்டரிக்காரர் ஃபிரெடெரிக் வைஸ்மன், பேட்டியும் வர்ணனையும் இல்லாமல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நகராட்சி போன்ற ஸ்தாபனங்களில் நடப்பதை அப்படியே எடுத்துத் தாமே தொகுத்தவர். ஒரு படத்துக்குப் பெரும்பாலும் நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துவிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் வரை அவ்வளவையும் பார்த்து, ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போடும் மிஷெலின் புத்தகத்தின் பாணியில் ஒவ்வொரு காட்சிக்கும் நட்சத்திரங்கள் போட்டுக்கொண்டே போவாராம். அதன் முடிவில் ஏறக்குறையப் பாதி ஒதுங்கிவிடும். என்ன படம் எடுக்கிறோம் என்பதே அவருக்கு இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். நட்சத்திரம் போடுகிற முறையில் எனக்குச் சிறிது சந்தேகம் உண்டு. காலையில் பார்த்த காட்சிக்கும், சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகுகிற வேளையில் பார்த்த காட்சிக்கும் ஒரே தராசைப் பிடிப்பது மனுஷ சுபாவத்தில் இல்லை. ஆனால் அவர் ஒதுக்கியதை ஒழித்துவிடவில்லை. தொகுப்பு முடியும் தறுவாயில் ஒதுக்கியவற்றை இன்னொரு முறை பார்த்துவிடுவது அவர் வழக்கம் என்பதால், அந்தக் குறை அங்கே நிவர்த்தியாகிவிடுகிறது.

எடுத்தவனுக்கே தெரியாமல் பிலிமில் ஒன்று பதிந்து கிடக்கக்கூடும் என்பதற்கு, பயங்கரமான திருஷ்டாந்தம் ஒன்றும் உண்டு. 1969 டிசம்பர் 6-ஆம் தேதி, கலிபோர்னியாவில் ஆல்ட்டமாண்ட் என்ற இடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் நடத்திய இலவசக் கச்சேரியை மேசில்ஸ் சகோதரர்கள் பல காமிராக்களைக் கொண்டு எடுத்தார்கள். கூட்டத்தில் கலவரம் மூண்டு, மேடைக்கு முன்னாலேயே பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் கத்திக்குத்துப்பட்டு இறந்தான். பிலிம்களைப் பார்க்க உட்கார்ந்தபோது, ஒரு காமிராவில் அந்தச் சம்பவமே பதிந்திருப்பது தெரிந்தது. சாதாரண வேகத்தில் ஒரு தள்ளுமுள்ளாக ஓடி மறைவது, பிரேம் பிரேமாக ஓட்டிப் பார்த்ததில், இளைஞன் கையில் துப்பாக்கி ஒன்று, பக்கத்திலிருந்த பெண்ணின் வெளிர்நிற உடையின் பின்னணியில் நிழலாகத் தெரிந்தது; கத்தி இறங்குவதும் தெரிந்தது. கோர்ட்டில் ஜூரர்கள் அதைப் பார்த்தார்கள். குத்தியவர் தற்காப்புக்காகவே செய்தார் என்று விடுதலையானார். இதைவிட விசேஷம், எடிட்டர் ஷார்லட் ஸ்வெரினும் மேசில்ஸ் சகோதரர்களும், ‘கிம்மி ஷெல்டர்’ என்று 1970-இல் வெளியான அந்தப் படத்தின் அமைப்பையே ரஷ் பார்க்கிற காரியத்தைச் சுற்றி அமைத்ததுதான். பாடகர் மிக் ஜாகர் எடிட்டிங் மேஜையின் முன் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் துண்டு மெதுவாக ஓடுகிறது. திருப்பி ஓட்டச் சொல்லிக் கேட்கிறார். வேறெந்தப் படத்திலும் நாம் பார்க்காத, பார்ப்பதைப் பார்க்கிற அனுபவம் அது.

ஒரே குவியலை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு உண்மைகள் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு, பீட்டில்ஸ் குழுவினரின் படம் நல்ல பதில். 1969 ஜனவரியில் அவர்கள் பாட்டு கட்டி ஒத்திகை பார்த்ததை மைக்கேல் லிண்ட்சே-ஹாக் என்ற டைரக்டர் சுமார் 60 மணி நேரம் படமாகவும், 150 மணி நேரம் ஒலியாகவும் பதிவு செய்து, அதிலிருந்து எண்பது நிமிஷப் படம் ஒன்றை 1970-இல் வெளியிட்டார். அதற்குள் குழு பிரிந்துபோயிருந்தது. படத்தில் மனக்கசப்பும் சலிப்புமே மேலோங்கி நின்றன என்று உலகம் முடிவு கட்டியது. ஐம்பது வருஷம் கழித்து, பீட்டர் ஜாக்ஸன் அதே குவியலை மறுபடி முதலிலிருந்து பார்த்து, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஓடுகிற ‘கெட் பேக்’ என்ற தொடரை 2021-இல் கொண்டுவந்தார். அதிலும் சண்டை இருக்கிறது. ஆனால் சிரிப்பு அதைவிட அதிகம் இருக்கிறது. முன்னவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பிரிவின் துக்கம் காற்றில் நிறைந்திருந்த சமயத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தத் துக்கத்தின் முன்னறிகுறிகள் தென்பட்டன; எல்லாம் சரித்திரமாகிவிட்ட பின் பார்த்தவருக்கு நான்கு இளைஞர்களின் தோழமை தென்பட்டது. ஆனால் எட்டு மணி நேரம் கிடைத்தவரோடு எண்பது நிமிஷமே கிடைத்தவரை ஒப்பிட்டுக் குறை சொல்வது தர்மமல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜாக்ஸனுக்கு யந்திரத்தின் உதவியும் இருந்தது. ஒரே டேப்பில் கலந்து கிடந்த கித்தார் ஓசையையும் பேச்சுக் குரலையும் கம்ப்யூட்டரைக் கொண்டு தனித்தனியே பிரித்துவிட்டார்கள். மைக்குக்குக் கேட்கக் கூடாதென்று கித்தாரை உரக்க மீட்டிக்கொண்டே அவர்கள் பேசிக்கொண்ட அந்தரங்கப் பேச்சுக்களெல்லாம் அதனால் வெளிப்பட்டன. இந்த உபயோகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. முன்னால் கேட்காமல் இருந்ததை அது கேட்க வைத்தது. ஆனால் இப்போது பரவி வருகிற இன்னொரு பழக்கத்தைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது மணி நேரப் பேட்டிகளை யந்திரத்திடம் கொடுத்து எழுத்தாக்கி, அந்த எழுத்தைப் படித்து, வேண்டிய வாக்கியங்களுக்கு அடிக்கோடிட்டு, அந்த இடங்களை மாத்திரம் திறந்து பார்த்துப் படத்தைத் தொகுத்துவிடுகிறார்கள். நேரம் மிச்சமாகிறது என்பது வாஸ்தவம். ஆனால் ஒரு கிழவி, பிள்ளையைப் பற்றிக் கேட்டதும், பதில் சொல்லாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சற்று நேரம் வாசலைப் பார்த்தாளானால், எழுத்தில் அது ஒரு வெற்றிடம். அடுத்து அவள் சொன்ன ‘நல்லாத்தான் இருக்கான்’ என்ற சொற்கள் மட்டும் தாளில் வரும். அதைப் படிக்கிறவர் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்றே எடுத்துக்கொள்வார். இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கும் இதே நஷ்டம்தான். யந்திரம் பொறுக்கித் தருவதை எடுத்துக்கொள்வதில் ஆட்சேபமில்லை. பார்த்து முடித்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

பார்த்துத் தேர்ந்த பிறகு மிஞ்சுவதை என்ன செய்வது என்ற கேள்வியில், பெரிய ஸ்டுடியோக்களும் கல்யாண வீடியோக் கடைகளும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன: இடம் போதாதபோது அழித்துவிடுகிறார்கள். அந்த 60 மணி நேரப் பிலிமை எவராவது 1970-இல் குப்பையென்று எறிந்திருந்தால் ஜாக்ஸனுக்குப் பார்க்க ஒன்றுமே இருந்திராது. செட்டியாருடைய படத்தில், 1953-இல் ஹாலிவுட்டில் ஆங்கிலத்தில் சுருக்கி வெளியிட்ட பதிப்பே நமக்கு எஞ்சியிருக்கிறது. அவர் அலைந்து திரட்டிய 50,000 அடியில், அவர் கண் எதைத் தள்ளியது, ஏன் தள்ளியது என்று ஆராய நமக்கு இப்போது வழியில்லை. ஆகையால் வீட்டில் கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆல்பத்தையும் பென் டிரைவையும் வாங்கிக்கொண்டு வருகிற அன்றே, வெட்டாத மூலப் பதிவு முழுவதையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சற்றுத் தயங்குவார். டிஸ்க்கின் விலையைக் கொடுத்தால் போட்டுத் தருவார். சில மாதங்கள் கழித்துப் போனால், அடுத்த முகூர்த்தத்துக்காக அந்த இடத்தைக் காலி செய்திருப்பார்.